அக்காவின் காதில் சொன்னது

துணி மடிக்கிற மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னவர் குடைக்காரர். நகர்த்தியவன் நான். கடையை எடுத்த நாளிலிருந்து அந்த மேஜை இருந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை. கால்கள் நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. அடியில் நூல் துணுக்குகள், துருப்பிடித்த குண்டூசிகள், எப்போதோ தொலைந்த ஒரு பல்போன சீப்பு. “படம் எடுக்கிறவங்க ரெண்டு பக்கமும் நிக்கணும் சார். சுவர ஒட்டிக் கெடந்தா பாதிப் படம் உங்க சுவருதான் வரும். உங்க சுவருக்கு யாரு ஓட்டுப் போடப் போறா?” என்றார். கட்சிக்குத் தேர்தல் வேலை பார்க்கிறவர், கடைக்குள் வந்தாலும் குடையைக் கக்கத்தை விட்டு எடுக்காத மனிதர். கட்சி மாறியிருக்கிறார், குடையை மாற்றியதில்லை. நான் சிரித்துக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையைப் பக்கத்துப் பட்டன்கடை அண்ணன் பிடித்தார். பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு சாமானை நகர்த்தினால் அதோடு சேர்ந்து என்னென்ன நகரும் என்று யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தோன்றவில்லை.

எங்களுடையது துண்டுத் துணி மொத்தக் கடை. ஆலைகளில் மிஞ்சியது, நிறம் பிசகியது, ஓரம் கிழிந்தது எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வாங்குவதும் விற்பதும் வாயடிப்பதும் என் வேலை. பிரிப்பதும் மடிப்பதும் அக்கா வேலை. அக்காவுக்கு இடது காது கேட்காது. அதனால் அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, கேட்கிற காதைக் கடைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, உயரமான முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவில் மூட்டை தூக்க யாராவது புதிதாகச் சேர்ந்தால், குடிதண்ணீர் எங்கே, கழிப்பறைச் சாவி எங்கே என்று சொல்கிற சூட்டோடு, “அக்காகிட்ட பேசறதா இருந்தா வலது பக்கமா போய்ப் பேசு” என்றும் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். நாளடைவில் அவனுக்கே தெரிந்துவிடும், அவனும் சொல்ல மாட்டான். காதில் விழாவிட்டால் அக்கா ‘என்ன?’ என்று கேட்கிறவள் இல்லை. சிரிப்பாள். உதடு மட்டும் கொஞ்சம் விரியும், கண்ணில் ஒன்றும் இருக்காது. வெளியாட்கள் அதைச் சாந்தம் என்று நினைப்பார்கள். கேட்கவில்லை என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்று கூடப் பிறந்த எனக்குத் தெரியும்.

அந்தக் காதுக்குக் காரணம் மாப்பிள்ளை. எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததால் தெருவே அவரை அப்படிக் கூப்பிட்டது. அக்காவை விட்டுவிட்டு வேறு குடும்பம் ஆன பிறகும் பேர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. கட்சியில் சின்ன ஆளாக இருந்த காலத்தில், வீட்டுக்கு வந்த ஆட்கள் முன்னால் அவர் ஏதோ ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னார். அக்கா திருத்தினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. வந்தவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஓர் அறை விட்டார். தலையணை உறையில் இருந்த ரத்தத்தைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் அக்கா டாக்டரிடம் போனாள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாள். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேடி வந்து கூப்பிடுவார் என்று வீடு காத்திருந்தது. அவர் வரவில்லை. அக்கா காத்திருந்தாளா என்று நான் கேட்டதில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் சுலபம். கெட்டவன் என்று ஒரு முத்திரை குத்தி மூட்டையில் கட்டிவிடலாம். ஆனால் எங்கள் தெரு தீப்பிடித்த அன்று, எல்லோரும் சரக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது உள்ளே ஓடியவர் அவர். காவல்காரக் கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வலது கை முழங்கை வரைக்கும் வெந்து, இன்றைக்கும் தோல் சுருக்கிய துணி மாதிரி இருக்கிறது. பிறகு, இந்தத் தெரு ஆபத்தானது என்று சொல்லி இடிக்க இயந்திரங்களோடு வந்தார்களே, அன்றைக்கு அதன் முன்னால் போய்ப் படுத்தவரும் அவர்தான். படம் எடுக்க யாரும் வருவதற்கு முன்பே படுத்தார். அதை நானே பார்த்தேன். இல்லையென்றால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்தத் தேர்தலில் எங்கள் தொகுதிக்கு அவர் நிற்கிறார். அவரை எதிர்த்து நிற்பவர் ஒரு வாத்தியார். அப்பழுக்கில்லாத மனிதர். பக்கவாதம் வந்த மனைவிக்குத் தன் கையாலேயே தலைவாரி, சக்கர நாற்காலியில் வைத்துத் தினமும் காலையில் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்களிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. வந்ததும் நேராகவே சொன்னார்: “பொய் சொல்லி ஓட்டு வாங்க எனக்கு இஷ்டமில்ல. இன்னொரு தரம் தீப்பிடிச்சா இந்தத் தெருவுல நூறு பேரு சாவாங்க. நான் வந்தா ஊருக்கு வெளிய மாத்தித்தான் ஆகணும்.” அவர் சொன்னதில் தப்பில்லை. ஊருக்கு வெளியே போனால் எங்களிடம் வாங்க யாரும் வர மாட்டார்கள் என்பதிலும் தப்பில்லை. அவர் போன பிறகு பட்டன்கடை அண்ணன் பெருமூச்சு விட்டார். “ரொம்ப நல்லவருப்பா. நம்மள நல்லபடியா காலி பண்ணுவாரு.”

மாப்பிள்ளைதான் ஜெயிப்பார் என்று இருந்தோம். நடுவில் பேச்சு கிளம்பியது. கட்டின பெண்டாட்டியின் காதைச் செவிடாக்கியவன் என்று யாரோ ஆரம்பித்து, தண்ணீர்க் குழாயடி, தையல் பள்ளி, ஆஸ்பத்திரி வரிசை என்று பெண்கள் கூடுகிற இடமெல்லாம் பரவிவிட்டது. வியாபாரிகள் சங்கம் அவசரமாகக் கூடியது. எல்லோரும் என்னைப் பார்க்காமல் என்னைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் மேஜையைத் தட்டினார். “நாம என்ன வீட்டுக்கு மாப்பிள்ளையா பாக்கறோம்? தொகுதிக்கு ஆள் பாக்கறோம்!” பட்டன்கடை அண்ணன், “அந்த வீட்டுக்கும் அவருதான்யா மாப்பிள்ளையா இருந்தாரு, அதான் சிக்கல்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு படம் வேண்டும் என்று முடிவானது. அவர் எங்கள் கடைக்கு வர வேண்டும், அக்காவோடு நாலு வார்த்தை பேச வேண்டும், அது பேப்பரில் வர வேண்டும். பேசி முடிக்கிற பொறுப்பு என்னுடையது. பேரத்தில் நான் கெட்டிக்காரன் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையின் மேலும் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, அதனடியில் விரல்களைப் பிடித்து, அழுத்தி, விட்டு விலை பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி ஊர்ப்பட்ட கைகளைப் பிடித்திருக்கிறேன். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். முகம் கடை வாசல் மாதிரி, எப்போதும் கூட்டித் துடைத்து வைத்திருப்பார்கள். கை அப்படியில்லை. சரக்கு வேண்டாம் என்று வாய் சொல்லும்போதே சுண்டுவிரல் என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

குடைக்காரரோடு பேசியது விலையில்லை என்பதால் வாயாலேயே பேசினோம். என் பக்கத்துக் கோரிக்கை ஒன்றுதான்: அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில், “மைக்குல கேக்கணும்” என்றேன்.

“மைக்கா? சார், அதுக்கு நாங்க வாத்தியாருக்கே ஓட்டுக் கேட்டுட்டுப் போயிரலாமே!” என்றவர், “தலைவரு வந்து கும்புடுவாரு. கும்புடறதுக்குள்ள எல்லாம் அடக்கம்” என்றார்.

“கும்புடறது ஓட்டுக்கு. இது வேற. கடை வாசல்ல, தெருக்காரங்க காதுபடச் சொல்லட்டும்.”

“காதுபடச் சொன்னா ‘ஆமா, அடிச்சேன்’னு ஆயிருதே? அது எப்படிங்க சரியா வரும்?”

நான் எழுந்து போவது போல எழுந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவது போலக் கிளம்பினார். இருவருமே போக மாட்டோம் என்று இருவருக்கும் தெரியும். வாசல் வரை போய்த் திரும்பினார். “அக்கா காதுல மட்டும் சொல்லுவாரு. அவங்களுக்கும் அவருக்கும் நடுவுல. மனசுலேருந்து சொல்லுவாரு, அதுக்கு நான் பொறுப்பு.” மைக்கில் ஆரம்பித்த என் சரக்கு காதில் வந்து படிந்தது. நல்ல படிவு என்றே நினைத்தேன். பழக்க தோஷம், ஒரு துண்டுத் துணியை எடுத்து எங்கள் கைகள் மேல் போட்டு அவர் விரல்களை அழுத்தி முடித்தேன். கை சில்லென்று இருந்தது. ஒரு விரலும் என்னைப் பிடிக்கவில்லை.

அக்காவிடம் வலது பக்கமாகப் போய் நின்று சொன்னேன். அவள் ஒரு மஞ்சள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எல்லார் முன்னாடியுமா?”

“வர்றது எல்லார் முன்னாடியும். கேக்கறது உன் காதுல.”

“நீங்க எல்லாரும் அவனுக்குத்தான் போடப் போறீங்க.”

“வேற வழி இருக்கா அக்கா? இந்தக் கடை போச்சுன்னா…”

“கடையப் பத்தி நான் கேக்கல.” அந்தத் துண்டை மடித்து முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். “வரச் சொல்லு. அவன் வாயால அதச் சொன்னா எப்படி இருக்கும்னு எனக்கும் ஒருதரம் கேக்கணும்டா.”

அத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே சரக்கு அது.

அவர் வந்த அன்று அக்கா கரும்பச்சை நிறத்தில் உடுத்தியிருந்தாள். முடியை வாரிக் காதுகளுக்குப் பின்னால் இறுக்கிச் செருகியிருந்தாள். மேஜை கடையின் நடுவில் நின்றது. முக்காலியில் உட்கார்ந்தபோது, சுவர் இருந்த பக்கம் கையை ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். தெரு முழுக்கக் கடை வாசலில். மாப்பிள்ளை உள்ளே வந்ததும் முதலில் என் கையைத்தான் பிடித்தார். “நல்லா இருக்கியா மச்சான்?” மாமா என்று கூப்பிட்ட வாய் எனக்கு. “வாங்க” என்று மட்டும் வந்தது. வெந்து ஆறிய அந்தக் கை சூடாக, அழுத்தமாக, அவசரமில்லாமல் என் கையைப் பிடித்திருந்தது. துணிக்கடியில் அப்படியொரு கை வந்திருந்தால் முன்பணம் வாங்காமல் சரக்கை ஏற்றி அனுப்பியிருப்பேன்.

பிறகு அக்காவிடம் போனார். மேஜையின் இரண்டு பக்கமும் திறந்திருந்தது. எந்தப் பக்கமாகவும் போயிருக்கலாம். அவர் இடது பக்கமாகப் போனார். குனிந்தார். கேமராக்கள் பளிச்சிட்டன. வாயை அக்காவின் இடது காதோடு வைத்து, அவசரமில்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கியங்களாக ஏதோ சொன்னார். சொல்லும்போது அவர் கண்கள் மூடியிருந்தன. மூட்டை தூக்குகிறவர், டீக்கடைக்காரர், சங்கத்து ஆட்கள் எல்லோரும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது ஒருவர், “அந்தப் பக்கம் இல்லங்க” என்று சொல்லியிருக்கலாம். புதிதாக வேலைக்கு வருகிற எவனுக்கும் முதல் நாளே சொல்கிற வார்த்தைதான். குடைக்காரரிடம் மைக்கா வாசலா என்று அத்தனை பேசிய நான் எந்தக் காது என்று சொல்லவில்லை. அந்த நிமிஷம்கூட என் வாய் திறக்கவில்லை. பட்டன்கடை அண்ணன் இருமினார், அவ்வளவுதான்.

அக்கா சிரித்தாள். உதடு மட்டும் கொஞ்சம் விரிந்தது.

அவர் நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. வாசலில் யாரோ கை தட்டினார்கள். அவர்கள் வெளித்தெரு ஆட்களாக இருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு பட்டன்கடை அண்ணனும் நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். “தெரியாமத்தான் இருக்கும்டா,” என்றார் அவர். “அடிச்சதோட திரும்பிப் பாக்காதவரு. காது போனது ஊருக்குத் தெரியும், எந்தக் காதுன்னு அவருக்கு யாரு சொன்னா?”

“வலது கைக்காரரு அண்ணே. எதிர்ல நிக்கிறவள அறைஞ்சா எந்தக் காதுல விழும்?”

அவர் தன் வலது கையைத் தூக்கி, காற்றில் மெல்ல ஒரு முறை வீசிப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “அப்ப தெரிஞ்சே போயி அந்தக் காதுல சொன்னாருங்கிறியா?”

“தெரிஞ்சு செஞ்சாரா, தான் எங்க அடிச்சோம்னே தெரியாம இத்தன வருஷம் இருந்தாரா. எது பரவால்லன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் எழுந்து ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போகும்போது சொன்னார்: “ஓட்டு அவருக்குத்தான்டா போடணும். வேற என்ன பண்றது?” குனிந்தபடி இருந்ததால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மேஜையைத் திரும்பச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். அக்கா முக்காலியில் ஏறி உட்கார்ந்து, கேட்கிற காதை என் பக்கம் திருப்பினாள்.

“என்னடா சொன்னான்?”

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தும் நான் தயாராகவில்லை. “மன்னிச்சிருன்னு சொன்னாரு.”

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேக்கல. உதட்டப் பாத்தேன்.”

“நீ என் பின்னாடியில்ல நின்ன?”

அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன், சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்து, முதல் துண்டை எடுத்து, உதறி, மடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டொரு நாளில் அந்தப் படம் சுவரொட்டியாகத் தெருவெங்கும் வந்துவிட்டது. எங்கள் கடைக்கு நேரெதிர்ச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். அவர் கண் மூடிக் குனிந்திருக்கிறார், அக்கா சிரிக்கிறாள். அடியில் பெரிய எழுத்தில் ‘உள்ளங்களை வென்றவர்’. பேச்சு அடங்கிவிட்டது. “உங்க அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு!” என்று சரக்கு வாங்க வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அக்கா நாள் முழுவதும் அந்தப் படத்துக்கு நேரே உட்கார்ந்து துணி மடித்தாள். கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். “கடைக்கு நல்லதில்லையா?” என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஓட்டுப் போடும் நாளன்று விடிந்ததிலிருந்தே தூறல். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்ததில் தெரு அகலமாகத் தெரிந்தது. வீட்டு வாசலில் எப்போதும் போல நான் அக்காவுக்கு வலது பக்கமாகப் போய் நின்றேன். அவள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். என்னைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் நடக்க ஆரம்பித்தாள். தேங்கிய தண்ணீருக்காக ஒதுங்குகிறாள் என்று நினைத்தேன். திருப்பத்தில் நான் பக்கம் மாறினேன். அக்காவும் மாறினாள். மறுபடியும் நான் அவளுடைய இடது பக்கத்தில் இருந்தேன். இத்தனை வருஷமாகச் சுவருக்குக் கொடுத்திருந்த பக்கம் அது.

பள்ளிக்கூட வாசலில் வரிசை தெரிந்தது. வாத்தியார் தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கொண்டுவந்திருந்தார். குடைக்காரர் இந்த மழையிலும் குடையை விரிக்காமல், வருகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்தேன். அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது அக்கா, என்றேன். மேஜையை நகர்த்தியது நான் என்றேன். எந்தக் காது என்று நான் சொல்லியிருக்க வேண்டும், அவர் குனியும்போதாவது கத்தியிருக்க வேண்டும் என்றேன். நீ யாருக்குப் போடச் சொல்கிறாயோ அவருக்குப் போடுகிறேன், கடை போனால் போகட்டும் என்றேன். கடைசியில், நடந்தபடியே கொஞ்சம் குனிந்து, அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மன்னிச்சிரு அக்கா என்றும் சொன்னேன். என் கண் மூடியிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அக்கா வரிசையில் போய் நின்றாள். அவள் தோளுக்கு அப்பால், மதில் சுவரில் நனைந்து உப்பியிருந்த சுவரொட்டியின் ஒரு முனை பிரிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். உதடு மட்டும் கொஞ்சம் விரிந்தது.